மேலிடத்து அழுத்தம்: அண்ணாச்சி பதில்கள்

(சங்கரன்கோவில் வட்டாரத்துக் கடிதங்கள் இந்தத் தடவை ஒரே ராகம்: குழாயில் தண்ணீர் சொட்டுகிறது, பம்ப் போடலாமா? அரசியல், சினிமா கேள்விகளை ஓரங்கட்டிவிட்டு அண்ணாச்சி ஸ்பேனரைக் கையில் எடுக்கிறார்.)

கே: கீழ்வீட்டில் குழாயைத் திறந்தால் கொட்டுகிறது. மாடியில் ஷவரைத் திறந்தால் அழுகிறது. தொட்டி எங்களுக்குத்தானே பக்கம்?
— மாடிவீட்டுக்காரர், ராஜபாளையம் சாலை

ப: பக்கத்தில் இருப்பதுதான் வினை. தொட்டித் தண்ணீருக்குக் கிடைப்பதெல்லாம் மேலிடத்து அழுத்தம். மேலிடம் எவ்வளவு உயரமோ அவ்வளவு அழுத்தம். 10 மீட்டருக்கு ஒரு கிலோ, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு. உங்கள் ஷவருக்கு மேலே ஐந்தடியில் தொட்டி இருந்தால் 150 கிராம். இருபதடி கீழே இருப்பவருக்கு 600 கிராம். வாடகையை அவரிடம் கூட்டிக் கேளுங்கள்.

கே: 500 லிட்டர் தொட்டியைத் தூக்கிவிட்டு 2000 லிட்டர் வைத்தால் வேகம் கூடுமா?
— ஒரு குடும்பத்தலைவர், புளியங்குடி

ப: தொப்பைதான் கூடும். பாத்திரம் குண்டோ ஒல்லியோ, அடியில் இருக்கும் அழுத்தம் தண்ணீரின் உயரத்தைப் பொறுத்ததே என்று சைமன் ஸ்டெவின் 1586-லேயே எழுதிவிட்டார். தொட்டி விற்பவர்கள் இன்னும் படித்து முடிக்கவில்லை.

கே: சரி, இரும்பு ஸ்டாண்டு அடித்துத் தொட்டியைப் பத்தடி தூக்கினால்?
— அவரே, விடாமல்

ப: 300 கிராம் கூடும். அதற்கு நீங்கள் தூக்கி நிறுத்துவது இரண்டு டன் தண்ணீர். தளத்தைக் கட்டிய கொத்தனார் உயிரோடு இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: அப்படியானால் நம் கோயில் கோபுரத்து உச்சியில் தொட்டி வைத்தால்? சும்மா ஒரு கற்பனைக்கு.
— கல்லூரி மாணவர், சங்கரன்கோவில்

ப: கற்பனைக்கும் கணக்கு உண்டு தம்பி. ராஜகோபுரம் சுமார் 125 அடி, அதாவது 38 மீட்டர். அடிவாரத்தில் 3.8 கிலோ அழுத்தம் கிடைக்கும். அதற்குள் அர்ச்சகர், அறநிலையத் துறை, போலீஸ் என்று மூன்று பக்கத்து அழுத்தமும் வந்துவிடும்.

கட்டைப்பையில் அடங்கும் அரைக் குதிரை பிரஷர் பம்ப் ஒன்று 25 மீட்டர் உயரத்துக்கான அழுத்தம் கொடுக்கும். கோபுரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. கும்பாபிஷேகச் செலவும் இல்லை.

கே: எனக்கு ரத்த அழுத்தம் அதிகம், குழாயில் அழுத்தம் குறைவு. மாற்றிக்கொள்ள வழி உண்டா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவேங்கடம்

ப: ஐயா, டாக்டர் சொல்லும் 120 என்பது பாதரசக் கணக்கு. தண்ணீராக மாற்றினால் 1.6 மீட்டர். மாடிவீட்டு ஷவருக்குத் தொட்டி கொடுப்பதும் ஏறக்குறைய அதேதான். ஆகவே உங்கள் ஷவருக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. மாத்திரை உங்களுக்கு மட்டும் போதும்.

கூடுதல் தகவல்: ரத்த அழுத்தத்தை முதலில் அளந்தவர் டாக்டர் அல்ல, ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். குதிரையின் ரத்தக்குழாயோடு கண்ணாடிக் குழலை இணைத்தார். ரத்தம் எட்டடிக்கு மேல் ஏறியது. 1733-ல் புத்தகமாக எழுதினார். நிஜக் குதிரைத்திறன் அவ்வளவுதான்.

கே: தெருக்குழாய் இணைப்பிலேயே மோட்டாரை மாட்டி இழுத்தால் என்ன? ஊரில் செய்யாதவர் யார்?
— ரத வீதிவாசி

ப: முதலில் சட்டம்: கூடாது. பிடித்தால் மோட்டார் நகராட்சி வண்டியில் ஏறும். இணைப்பையும் வெட்டுவார்கள்.

சட்டத்துக்குப் பயப்படாதவர்கள் சாக்கடைக்குப் பயப்படுங்கள். தண்ணீர் விடும் நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் வெளியைவிட அதிகம். கீறல் இருந்தால் நல்ல தண்ணீர் வெளியே கசியும். அழுக்கு உள்ளே வராது. மோட்டாரால் இழுத்தீர்களோ, கணக்கு தலைகீழ். உள்ளே அழுத்தம் வளிமண்டல அளவுக்கும் கீழே இறங்கும். கசிந்த அதே கீறல் இப்போது குடிக்க ஆரம்பிக்கும். பக்கத்தில் எது ஓடுகிறதோ அதைக் குடிக்கும். என்ன ஓடுகிறது என்று வாசலில் எட்டிப் பாருங்கள்.

பொதிகையில் பிறந்த தாமிரபரணி அத்தனை தூரம் குழாயில் சுத்தமாக வந்து, உங்கள் வாசலில் சாக்கடையோடு சம்பந்தம் பேசுகிறது. தரகர் நீங்கள்.

முறை இதுதான்: தரையில் ஒரு சம்ப் கட்டுங்கள். தெருத்தண்ணீர் தன் போக்கில் அதில் விழட்டும். அங்கிருந்து மேல்தொட்டிக்கு எத்தனை குதிரை வேண்டுமானாலும் பூட்டிக்கொள்ளுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள்.

கே: பக்கத்து வீட்டுக்காரர் தெருக்குழாயில் அரைக் குதிரை வைத்திருக்கிறார். நான் மட்டும் யோக்கியனாக இருக்க வேண்டுமா?
— பாதிக்கப்பட்டவர், கழுகுமலை சாலை

ப: அவர் அரை, நீங்கள் ஒன்று, எதிர்வீடு ஒன்றரை. கடைசியில் தெரு முழுக்கக் குதிரைப் பந்தயம், ஓடுவது காற்று. குழாயில் இருக்கும் தண்ணீர் ஒரே அளவுதான் ஐயா. பம்ப் அதைப் பெற்றுப்போடாது. பங்கை மட்டும் மாற்றும்.

கே: மகன் லண்டனில் இருக்கிறான். அங்கே ஷவர் நம் வீட்டைவிட மோசம் என்கிறான். நம்பலாமா?
— பெருமைமிகு தாய், கரிவலம்வந்தநல்லூர்

ப: நம்புங்கள் தாயி. அங்கே பழைய வீடுகளில் பரணில் தொட்டி, அதற்கு நேர் கீழே குளியலறை. நம் மாடிவீட்டுக் கதையேதான், கம்பளி போர்த்திக்கொண்டு. அதற்காகவே பம்ப் வைத்த ‘பவர் ஷவர்’ விற்கிறார்கள். ஆனால் தெருக்குழாயிலிருந்து நிமிடத்துக்கு 12 லிட்டருக்கு மேல் இழுக்கும் பம்ப் என்றால் தண்ணீர் கம்பெனியின் சம்மதம் வேண்டும் என்று 1999 விதி இருக்கிறது.

சூரியன் மறையாத சாம்ராஜ்யத்தில் ஷவருக்கு மட்டும் விடியவில்லை.

கே: பம்ப் வாங்கக் கடைக்குக் கிளம்பிவிட்டேன். ஏதாவது சொல்ல வேண்டுமா?
— அவசரக்காரர், குருவிகுளம்

ப: ஆமாம். திரும்பி வீட்டுக்குப் போங்கள். ஒரு 15 லிட்டர் வாளியைத் தொட்டிக்குப் பக்கத்துக் குழாயிலும், பிறகு சொட்டும் குழாயிலும் பிடித்து நேரம் பாருங்கள். முதலாவது சீக்கிரம் நிறைந்து இரண்டாவது இழுத்தால் வியாதி நடுவில் இருக்கிறது. பாதி மூடிய கேட் வால்வு, உப்பு அடைத்த வலை, துருப்பிடித்த பைப். மூன்றுக்கும் பம்ப் மருந்தல்ல.

கேட் வால்வைப் பார்த்துத் திறந்துவிட்டு வந்த வகையில் இந்த ஊரில் எத்தனை பம்ப் விற்காமல் போயிருக்கும் என்று நினைக்கும்போது கடைக்காரர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

கே: துருப்பிடித்த பைப் என்றீர்களே. எங்கள் வீட்டில் அப்பா காலத்து ஜி.ஐ. பைப். வெளியே பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருக்கிறது.
— வாரிசு, வாசுதேவநல்லூர்

ப: பெயின்ட் அடித்தது வெளியே, தண்ணீர் ஓடுவது உள்ளே. பிளம்பரிடம் ஒரு சாண் வெட்டித் தரச்சொல்லி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரமெல்லாம் காவி நிறத்தில் பொருக்குத் தட்டி, நடுவில் பென்சில் நுழையும் அளவுக்கு ஓட்டை. போர்த் தண்ணீர் என்றால் அதன்மேல் வெள்ளைப் பூச்சு வேறு. இதில் பம்ப் வைத்தால் முதல் நாள் பொருக்கெல்லாம் பெயர்ந்து வந்து ஷவர் கண்ணை அடைக்கும். இரண்டாம் நாள் பைப்பே நடு ஹாலில் ஷவராகும்.

அப்பாவின் நினைவாக அந்தத் துண்டை வைத்துக்கொண்டு மற்றதை சி.பி.வி.சி.க்கு மாற்றுங்கள்.

கே: வாஸ்துப்படி தொட்டியைத் தென்மேற்கில் வைத்தோம். கடைசிக் குளியலறை எதிர்மூலையில். அங்கே மட்டும் தண்ணீர் வரவில்லை. கிரகக் கோளாறா?
— புதுவீட்டுக்காரர், சங்கரன்கோவில்

ப: அரை அங்குல பைப்பைச் சுவர் சுவராகத் திருப்பி, பத்து எல்போ போட்டுக் கொண்டுபோனதில் கிரகத்துக்குச் சம்பந்தமில்லை. உராய்வு அது.

அதே தண்ணீர் முக்கால் அங்குலத்தில் போனால் உராய்வில் இழப்பது சுமார் ஏழில் ஒரு பங்கு. ஒரு அங்குலமாக்கினால் முப்பதில் ஒரு பங்குக்குப் பக்கம். பைப்பின் அகலம் கொஞ்சம் கூடினால் இழப்பு கிட்டத்தட்ட ஐந்தாம் படியில் விழும். தொட்டியிலிருந்து இறங்கும் பிரதான லைனைப் பெரிதாக்கிவிட்டு, குளியலறை வாசலில் மட்டும் அரை அங்குலத்துக்கு வாருங்கள். பிறகும் வராவிட்டால் ஜோசியரைப் பார்க்கலாம். அவரும் பைப்பைத்தான் பார்ப்பார்.

கே: தொட்டி கழுவினதிலிருந்து ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் வரமாட்டேன் என்கிறது. தொட்டி நிறைய இருக்கிறது.
— மதனி ஒருவர், புளியங்குடி

ப: ஏர் லாக், மதனி. பைப்பின் மேட்டில் காற்று உட்கார்ந்துகொண்டு எழ மறுக்கிறது. மற்ற குழாய்களை மூடிவிட்டு, அழுத்தம் உள்ள லைனிலிருந்து ஹோஸ் போட்டு அந்தக் குழாய் வழியாகத் தலைகீழாகத் தண்ணீர் ஏற்றினால் எழுந்து போய்விடும். திரும்பத் திரும்ப வந்தால், தொட்டியிலிருந்து இறங்கும் பைப்பில் ஒரு ‘டீ’ போட்டு, தொட்டி உயரத்துக்கு மேல் ஒரு காற்றுக் குழாய் நிறுத்துங்கள். பல வீடுகளில் இருந்தது; பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று பெயின்ட் அடிக்க வந்தவர் அறுத்துவிட்டுப் போயிருப்பார்.

கே: ஷவர் கண் உப்பு அடைத்துவிட்டது. ஆசிட் ஊற்றலாமா?
— ஒரு மருமகள், சங்கரன்கோவில்

ப: புளியங்குடி எலுமிச்சைச் சந்தை பக்கத்தில் இருக்கும்போது ஆசிட் எதற்கு? சாற்றைப் பிழிந்து ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். சுண்ணாம்பு உப்பு கரையும். அத்தையிடம் ஊறுகாய்க்கென்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: அரைக் குதிரையா, ஒரு குதிரையா? கடைக்காரர் பெரிதாகவே போடச் சொல்கிறார்.
— இரண்டு குளியலறைக்காரர்

ப: குதிரைத்திறன் என்ற அளவை ஜேம்ஸ் வாட் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததே, தன் நீராவி இயந்திரம் எத்தனை குதிரைக்குச் சமம் என்று சொல்லி விற்கத்தான். அன்றிலிருந்து கடைக்காரர்கள் விடவில்லை. இரண்டு குளியலறைக்கு அரையே தாராளம்.

பெட்டியில் குதிரையைப் பார்க்காதீர்கள். வேறு இரண்டு எண்களைப் பாருங்கள். ‘அதிகபட்ச ஹெட் 30 மீட்டர், அதிகபட்ச டிஸ்சார்ஜ் நிமிடத்துக்கு 40 லிட்டர்’ என்று போட்டிருக்கும். இரண்டும் உண்மை. ஆனால் சேர்ந்து உண்மை அல்ல. 30 மீட்டர் அழுத்தம் கிடைக்கும்போது தண்ணீர் பூஜ்யம். 40 லிட்டர் கொட்டும்போது அழுத்தம் கிட்டத்தட்ட பூஜ்யம். நடுவில் என்ன கிடைக்கும் என்ற வரைகோட்டைக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் டீ வாங்கிவர ஆள் அனுப்பினால் வரைகோடு இல்லை என்று அர்த்தம்.

கே: கோயம்புத்தூர் பம்ப் என்று பெட்டியில் எழுதியிருந்தால் கண்ணை மூடி வாங்கலாமா?
— வியாபாரி, திருவேங்கடம் சாலை

ப: கோயம்புத்தூருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டிய ஊர். அதற்காகக் கண்ணை மூடவேண்டாம். உள்ளே சுற்றியிருப்பது செம்பா அலுமினியமா என்று கேளுங்கள். பெட்டியில் ஊர்ப் பெயர் அச்சடிக்கச் செம்பு தேவையில்லை.

கே: எங்கள் கிணறு நாற்பதடி ஆழம். மேலே மோட்டார் வைத்தால் இழுக்கவில்லை. பெரிய மோட்டார் போடட்டுமா?
— விவசாயி, குருவிகுளம்

ப: உலகத்திலேயே பெரிய மோட்டாரைப் போட்டாலும் இழுக்காது ஐயா. இழுப்பது மோட்டாரே அல்ல. இளநீர்க் குழலை உறிஞ்சும்போது நீங்கள் காற்றைத்தான் எடுக்கிறீர்கள். இளநீரை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் எடை. அந்தக் காற்றுக்குச் சக்தி 10.3 மீட்டர் வரைதான். நடைமுறையில் ஏழு மீட்டரோடு மூச்சு வாங்கிவிடும்.

இத்தாலியில் பம்ப் மேஸ்திரிகள் இதைப் பார்த்துத் திகைத்து கலிலியோ வரை போனார்கள். அவருடைய சீடர் டாரிசெல்லி 1640-களில் பாதரசத்தை வைத்து விடை சொன்னார், போனஸாக பாரோமீட்டரும் கிடைத்தது.

நம் கரிசல் பக்கத்துப் பெரியவர்கள் டாரிசெல்லியைப் படிக்கவில்லை. கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் கல்திட்டு அமைத்து மோட்டாரை இறக்கினார்கள். கீழிருந்து தள்ளுவதற்கு அந்த வரம்பில்லை. அல்லது நீர்மூழ்கி மோட்டார் போடுங்கள்.

கே: பம்பைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார்?
— பொது அறிவுப் பிரியர்

ப: தள்ளும் பம்புக்குப் பெயர் வாங்கியவர் டெசிபியஸ். கி.மு. 3-ஆம் நூற்றாண்டு, அலெக்ஸாந்திரியா. அப்பா முடிதிருத்துபவர். கடைக் கண்ணாடியை ஏற்றி இறக்கக் குழாய்க்குள் எடைக்கல்லைத் தொங்கவிட்டபோதுதான் அமுங்கிய காற்றின் பலம் தெரிந்ததாம். அன்றும் இன்றும் உலக விஷயமெல்லாம் சலூனில்தான் தெரிகிறது.

கே: பிரஷர் பம்பை எங்கே மாட்டுவது? கரண்ட் போனால் குளியல் நின்றுவிடாதா?
— முன்ஜாக்கிரதைக்காரர், சங்கரன்கோவில்

ப: மேல்தொட்டியின் வெளிவாய்க்குப் பக்கத்தில், தொட்டி அடியைவிடத் தாழ்வாக. தண்ணீர் தானாகவே பம்புக்குள் வந்து நிற்க வேண்டும். வெயில், மழை படாமல் ஒரு கூண்டு. அடியில் கனத்த ரப்பர் தாள்.

பம்புக்குப் பக்கவாட்டில் ஒரு பைபாஸ் லைன் போட்டு அதில் நான் ரிட்டர்ன் வால்வு வையுங்கள். கரண்ட் இருந்தால் பம்ப் வழி, போனால் பழைய சொட்டு வழி. அந்த வால்வை விட்டுவிட்டால் பம்ப் தள்ளும் தண்ணீர் பைபாஸ் வழியே சுற்றிவந்து பம்புக்குள்ளேயே போகும். அது வேலை செய்துகொண்டே இருக்கும், நீங்கள் சோப்போடு நின்றுகொண்டே இருப்பீர்கள். சில ஆபீஸ்களில் இதற்குச் சம்பளமும் உண்டு.

கே: ராத்திரி இரண்டு மணிக்கு பம்ப் தானாக ஓடி நிற்கிறது. வீட்டில் பேய் என்கிறார்கள்.
— தூக்கம் கெட்டவர், கரிவலம்வந்தநல்லூர்

ப: பேய் குளிக்காது. எங்கோ ஒரு ஃபிளஷ் டேங்க் ஒழுகுகிறது. சொட்டுச் சொட்டாக லைனில் அழுத்தம் இறங்க, பிரஷர் சுவிட்ச் எழுப்பிவிடுகிறது. ஃபிளஷ் டேங்கில் கொஞ்சம் மஞ்சள்தூளைக் கரைத்துவிட்டு கீழே பீங்கானைப் பாருங்கள். மஞ்சள் இறங்கினால் வாஷரை மாற்றுங்கள். வேப்பிலை தேவைப்படாது.

கே: பம்போடு சிவப்பாக ஒரு உருண்டை வருகிறதே, அது என்ன? பிளம்பர் தேவையில்லை என்கிறார்.
— சந்தேகப் பிராணி

ப: பிரஷர் டேங்க். உள்ளே ரப்பர் பை. ஒருபக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. கை கழுவும் ஒரு சொம்புத் தண்ணீருக்கெல்லாம் மோட்டார் எழாமல் இருக்க அந்தக் காற்று தள்ளிக்கொடுக்கும். காற்று இறங்கிவிட்டால் மோட்டார் நிமிடத்துக்குப் பத்துமுறை எழுந்து உட்காரும், சீக்கிரம் படுக்கும்.

கரண்டை நிறுத்தி, தண்ணீரை வடித்துவிட்டு, டயர் கேஜை வைத்துப் பாருங்கள். பம்ப் ஓட ஆரம்பிக்கும் அழுத்தம் 20 பவுண்டு என்றால் காற்று 18 இருக்க வேண்டும். பிளம்பருக்குத் தெரியாவிட்டால் பஞ்சர் கடைக்காரரைக் கூப்பிடுங்கள். குறைந்த கூலி.

கே: மாடியில் சோலார் ஹீட்டர் இருக்கிறது. பம்ப் போட்டபின் சுடுதண்ணீர் வருவது நின்றே போனது.
— ஜில்லிட்டவர், ராஜபாளையம் சாலை

ப: மிக்சர் குழாயில் பச்சைத்தண்ணீர் பக்கம் இரண்டு கிலோ, சுடுதண்ணீர் பக்கம் 200 கிராம். பலமுள்ள பக்கம் மற்றதைத் திருப்பித் தள்ளுகிறது. உங்கள் சோலார் டேங்குக்குள் இப்போது பச்சைத்தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்.

பம்பை சோலாருக்கு முன்னால் வைத்து அழுத்தம் ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள். கண்ணாடிக் குழாய் வைத்த சாதாரண மாடல்கள் காற்றுக்குத் திறந்தவை, அழுத்தம் தாங்காது. சுடுதண்ணீர் வெளிவரும் பக்கத்தில் தனியாக, சூடு தாங்கும் பம்ப் ஒன்று. இரண்டு பக்கமும் சமமாக இருந்தால்தான் கலக்கும். சங்கரனும் நாராயணனும் சரிபாதியாக நிற்கும் ஊரில் இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கே: கரண்ட் கீசருக்கு ஆபத்தா?
— அதே குடும்பம், வேறு கையெழுத்து

ப: ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். பெரும்பாலும் 8 பார் என்று போட்டிருக்கும். பம்ப் இரண்டு மூன்றைத் தாண்டாது. பயமில்லை. சேஃப்டி வால்வு ஒழுகுகிறதென்று மரக்கட்டையைச் செருகி அடைத்து வைப்பவர்கள் மட்டும் பயப்படலாம். அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களும்.

கே: சாயங்காலமானால் பம்ப் ‘ம்ம்ம்’ என்கிறது, சுற்றவில்லை.
— மின்தட்டுக்காரர்

ப: முதல் சந்தேகம் கெப்பாசிட்டர். பெப்பர்மின்ட் டப்பா அளவுதான், மாற்றிவிடலாம். இரண்டாவது வோல்டேஜ். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால் மோட்டாரின் முறுக்குவிசை 61 சதவீதமாகிவிடும், வர்க்கத்தில் குறையும். சுற்ற முடியாமல் நிற்கும் மோட்டார் கரண்டை மட்டும் வாரிக் குடிக்கும். உடனே நிறுத்தாவிட்டால் அடுத்த சத்தம் இருக்காது, வாசனை இருக்கும்.

கே: கரண்ட் பில் எகிறுமா?
— சிக்கனம்

ப: அரைக் குதிரை பம்ப் மணிக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. தினம் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 33 யூனிட். இலவச நூறில் மூன்றில் ஒரு பங்கு.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். பாபநாசத்தில் 1944 முதல் தாமிரபரணித் தண்ணீரை உயரத்திலிருந்து இறக்கி, அந்த அழுத்தத்தில் மின்சாரம் எடுக்கிறோம். அதே ஆற்றுத் தண்ணீர் உங்கள் மாடிக்கு வந்ததும், மின்சாரத்தைக் கொடுத்து அழுத்தம் வாங்குகிறீர்கள். கமிஷன் மட்டும் நடுவில் போகிறது.

கே: பம்ப் போட்டால் தண்ணீர் அதிகம் செலவாகுமா?
— அதே சிக்கனம்

ப: ஆகும். அழுத்தம் ஒன்பது மடங்கானால் தண்ணீர் மூன்று மடங்கு கொட்டும். வெளியே பாயும் வேகம் வர்க்கமூலத்தில் கூடும். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை விடுகிறார்களோ, அதை மூன்றால் வகுத்துவிட்டு பம்ப் வாங்குங்கள்.

கே: ஷவரில் குற்றாலம் மாதிரி வேண்டும். என்ன செய்யலாம்?
— ரசிகர், புளியங்குடி

ப: பேரருவி சுமார் 60 மீட்டர். பைப்பில் அடைத்தால் ஆறு கிலோ அழுத்தம். அது நேராகத் தலையில் இறங்கினால் குளித்தவர் எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்க எழுந்திருக்க மாட்டார். நடுவில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, வேகம் அடங்கி, பொங்கி வழிந்த பிறகே நமக்குக் கிடைக்கிறது. மலை தானே வைத்துக்கொண்ட பிரஷர் குறைப்பு வால்வு.

ஆகவே குற்றால சுகம் அழுத்தத்தில் இல்லை, அளவில். தட்டு அகலத்தில் ஷவர் வாங்கி அரை அங்குல பைப்பில் மாட்டுபவர்களுக்குக் கிடைப்பது ஐந்தருவியின் ஆறாவது அருவி: சீசன் முடிந்தபின்.

கே: சினிமாவில் ஹீரோ அடித்த அடியில் தெருக்குழாய் உடைந்து முப்பதடிக்குப் பீய்ச்சுகிறதே, சாத்தியமா?
— முதல் நாள் முதல் காட்சி

ப: முப்பதடிக்குக் குறைந்தது 0.9 கிலோ வேண்டும். தண்ணீர் விடாத நாளில் எடுத்தால் குழாயிலிருந்து ‘புஸ்’ஸென்று காற்றுதான் வரும். வில்லனும் ஹீரோவும் குடத்தோடு வரிசையில் நிற்கும் காட்சி வைத்தால் யதார்த்தப் படம்.

கே: பம்ப் சத்தம் அதிகம் என்று மாடிவீட்டார் சண்டைக்கு வருகிறார்கள்.
— விசைத்தறிக்காரர், சங்கரன்கோவில்

ப: இரவு பகலாகத் தறி ஓடும் தெருவில் பம்ப் சத்தம் காதில் விழுகிறதென்றால் அவர்களுக்கு வேறு கோபம் இருக்கிறது. போன மாத வாடகை விஷயத்தை விசாரியுங்கள்.

கே: ஆடித்தபசுக்குச் சொந்தக்காரர்கள் வந்து குவிந்தால் எந்தக் குழாயிலும் தண்ணீர் வருவதில்லை. பம்ப் தாங்குமா?
— வீட்டுக்காரம்மா, ரத வீதி

ப: நாலு குழாயை ஒரே நேரத்தில் திறந்தால் எந்தச் சின்ன பம்பும் கைவிரிக்கும். கூடுதல் தண்ணீர் வேண்டுமானால் இரண்டு பம்பைப் பக்கத்தில் பக்கத்தில் இணைக்க வேண்டும். கூடுதல் அழுத்தம் வேண்டுமானால் ஒன்றன்பின் ஒன்றாக. வருஷத்தில் ஒரு திருவிழாவுக்கு அது வீண். கோமதி அம்மன் ஒற்றைக்காலில் தவம் நின்றதைப் பார்க்க வந்தவர்கள், குளியலறை வாசலில் கொஞ்சம் இரண்டு காலில் நிற்கட்டும்.

கே: 2003-ல் அரசு கட்டாயமாக்கியபோது மழைநீர்த் தொட்டி கட்டினோம். இப்போது அதில் செருப்பு வைக்கிறோம். அதற்கும் பிரஷர் பம்புக்கும் சம்பந்தம் உண்டா?
— நேர்மையாளர், வாசுதேவநல்லூர்

ப: போர் வற்றும் அன்று தெரியும்.

கே: எம்.எல்.ஏ. மூலமாக அழுத்தம் கொடுத்தால் தண்ணீர் வருமா?
— கட்சிக்காரர்

ப: லாரியில் வரும்.

கே: நீங்கள் சொன்ன எல்லாம் செய்தாயிற்று அண்ணாச்சி. பைப் மாற்றியாயிற்று, வலை கழுவியாயிற்று, பம்ப், உருண்டை, பைபாஸ், ரப்பர் தாள்கூட வைத்தாயிற்று. ஷவரைத் திறந்தால் ஒரு சொட்டு இல்லை.
— இரண்டு குளியலறைக்காரர், மறுபடியும்

ப: தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா?